புளியங்கொட்டை அளவு

குழந்தையைக் குளிப்பாட்டக் காலை நீட்டி உட்கார்ந்ததும் அண்ணியின் கட்டைவிரல் முதலில் போகும் இடம் குழந்தையின் வலது தொடைதான். எண்ணெய் தடவும் சாக்கில் அங்கே மெதுவாக அழுத்திப் பார்ப்பார். அறுவடைக்கு நிற்கும் பயிரை மதிப்பிடுகிறவர்போல உதட்டைப் பிதுக்குவார். பிறகுதான் மற்றக் கைகால்களுக்கு எண்ணெய்.

கக்குவான் உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான முதல் முத்தடுப்பு ஊசி போட்ட இடம் அது. போட்ட வாரத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி எழும்பியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது. சிவப்பும் இல்லை, சூடும் இல்லை. தொட்டால் குழந்தை அழுவதும் இல்லை. தோலுக்கு அடியில் ஒரு கூழாங்கல்போல அது பாட்டுக்கு இருந்தது.

நாங்கள் மைசூரில், விஜயநகரில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே பாதி மனைகளில்தான் வீடு இருந்தது. மீதியில் எருக்கஞ்செடியும் செங்கல் குவியலும். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடைய வீட்டின் பின்புறம் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக இருந்தது எங்கள் வீடு. அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். அப்பாவும் அம்மாவும் இல்லாததால் நான் அவனோடுதான் இருந்தேன். நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்திருந்தேன்.

அண்ணி ராமாபுரத்துக்காரர். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ் நின்று போகும் ஊர். மஞ்சளும் ராகியும் போடுகிற குடும்பம். பிரசவம் மைசூரில் ஆனது. அப்போது மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்ததால் ஊரிலிருந்து யாராலும் வந்து தங்க முடியவில்லை. என்னைவிட இரண்டு வயதே மூத்த அண்ணியும், குழந்தைகளைப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த நானும்தான் அந்த வீட்டில் பெரியவர்கள்.

எனக்கு எதையும் வரிசை போட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அது நல்ல பெயரை வாங்கித் தந்தது. வீட்டில் அண்ணன் என்னை ‘லிஸ்ட்டு’ என்று கூப்பிட்டான். குழந்தை பிறந்த வாரமே, எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி என்று எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். இரண்டாவது முத்தடுப்பு ஊசிக்கான நாள் வந்தது. போயும்விட்டது. அண்ணியிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல், கட்டி கரையட்டும் என்றார்.

கட்டிக்கும் அடுத்த ஊசிக்கும் சம்பந்தமில்லை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

“மஞ்சளுக்கு வெச்ச உரம் கரையறதுக்குள்ள மறுக்கா வெச்சா என்னாகும்? குருத்து கருகிப் போகும். எங்கப்பன் ஒருக்கா ஈரமில்லாத மண்ணுல யூரியாவைப் போட்டுட்டு, ஒரு காட்டையே பறிகொடுத்தாரு. மொதல்ல போட்டதே இன்னும் கட்டியா நிக்குது அம்மிணி. அது கரையாம மறுக்கா போட மாட்டேன்.”

ராமாபுரத்தில் பிறந்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு நியாயம் தோன்றும். எனக்கு அதில் எரிச்சல் வரவில்லை. வியப்புதான் வந்தது. அதில் பாதி சரியாக வேறு இருந்தது. அந்த மருந்தில் படிகாரத்தைச் சேர்ந்த ஓர் உப்பு கலந்திருக்கும். மருந்து உடனே கரைந்து ஓடிவிடாமல், போட்ட இடத்திலேயே கொஞ்ச நாள் தங்கியிருக்கட்டும் என்றுதான் அதைச் சேர்க்கிறார்கள் என்று நாங்கள் படித்திருந்தோம். மெதுவாகக் கரையும் உரம் என்றே சொல்லலாம். பாதி சரியான ஒன்றை எப்படி மறுப்பது என்று தெரியாமல் அன்றைக்குப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலையும் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. மகப்பேறு மருத்துவமனையிலிருந்து தொப்புள்கொடி ரத்தம் சின்னக் குப்பிகளில் வரும். அதைச் சுழற்றி வெள்ளையணுக்களைத் தனியாகப் பிரிப்பேன். கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் எண்ணுவேன். குழிகள் உள்ள தட்டில் போட்டு, கொல்லப்பட்ட கக்குவான் இருமல் கிருமிகளைக் கொஞ்சம் சேர்ப்பேன். பிறகு அந்தச் செல்கள் அந்நியனைக் கண்டு பெருகுகின்றனவா, சும்மா இருக்கின்றனவா என்று பார்ப்போம். பெரியவர்களின் செல்கள் சட்டென்று கிளம்பும். பிறந்த குழந்தையின் செல்கள் தயங்கும்.

அது பலவீனம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். எங்கள் பேராசிரியை அந்தச் சொல்லை ஏற்கமாட்டார். கருவில் இருந்தவரை அந்தச் செல்களைச் சுற்றி இருந்ததெல்லாம் தாயின் உடல். அதோடு சண்டைக்குப் போகாமல் இருக்க ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிடித்து வைப்பவையும் வெள்ளையணுக்களில் ஒரு வகையாகவே இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அடக்கும் செல்கள் என்று சொன்னாலே சிலர் சிரித்த காலம் அது. ஒரு வகையைப் பிரித்து எடுத்துவிட்டால் மீதி உள்ளவை விழித்துக்கொள்கின்றனவா என்று பார்த்தோம். சில தட்டுகளில் விழித்தன. சில தட்டுகளில் இல்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குழிகளுக்குள் பார்க்கும்போதெல்லாம், தூங்குகிற குழந்தைகளின் அறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல எனக்கு மூச்சு தானாக மெதுவாகிவிடும்.

இருமலை முதலில் கேட்டது நான்தான்.

வீட்டுக்காரருடைய மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தி அவர்களோடு தங்கிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒன்பது வயது இருக்கும். எங்கள் குழந்தை என்றால் அவளுக்கு உயிர். பள்ளியிலிருந்து வந்து பையை முன்வாசலில் போட்டுவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடி வருவாள். “ஆன்ட்டி, பாப்பு எத்திதாளா?” என்று கன்னடத்தில் கேட்பாள். எழுந்துவிட்டாளா என்று கேட்டாலும், எழுந்திருக்காவிட்டால் எழுப்பிவிடுவது என்ற முடிவோடுதான் வருவாள்.

அந்த வாரம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. சாதாரணச் சளி என்றார்கள். ஒரு காலை நான் குழாயடியில் இருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் இருமினாள். இடையில் மூச்சு விடவே இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இருமல். கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும் ஒரு நீண்ட கீச்சொலி. அதன் பிறகு வாந்தி. பாடப்புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி படித்திருந்தேன். காதால் கேட்டது அப்போதுதான். கையில் இருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன். அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார். அவரும் கேட்டிருந்தார்.

“நாயிகெம்மு,” என்றார். கக்குவானுக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். ஊரில் பக்கத்துக் காட்டுக்காரர் குழந்தைக்கு வந்து பார்த்திருக்கிறார். சொல்லிவிட்டு உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

எங்கள் முன்னால் இருந்த சிக்கலை நான் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். பெரிய பிள்ளைகளுக்கு இந்த இருமல் ஒரு தொல்லை. இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு அது மூச்சையே நிறுத்திவிடக்கூடும். அவளுக்கு இருந்தது ஒரே ஊசியின் பாதுகாப்பு. ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்றே சொல்ல வேண்டும். இருமுகிற பெண்ணோ கொஞ்சம் தெம்பு வந்ததும் நேரே இவளைத் தூக்கத்தான் ஓடி வருவாள். வீட்டுக்கார அம்மாவிடம், உங்கள் பேத்தியை எங்கள் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று குடியிருப்பவர்கள் எப்படிச் சொல்வது?

நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன். தொற்று பரவும் விதம், குழந்தையின் வயது, எத்தனை வாரம் விலகியிருக்க வேண்டும் என்று மூன்று வாக்கியங்களைக் கன்னடத்தில் தயார் செய்துவைத்திருந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். நீ போனால் அவர்கள் தங்கள் பேத்தியை நோய்க்காரி என்று சொல்லிவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் மெல்ல நடந்து வந்தபோது, அண்ணி குழந்தையோடு உள்ளே ஜன்னலுக்கு அப்பால் நின்றுகொண்டார். பாப்பாவின் தலைமுடியை மாதேஸ்வரன் மலை மாதப்பனுக்கு நேர்ந்திருப்பதாகவும், மலைக்குப் போய் முடி இறக்கும்வரை வீட்டு ஆட்கள் தவிர வேறு யாரும் அவளைத் தொடக்கூடாது என்பது வேண்டுதல் என்றும் கன்னடத்தில் சொன்னார். ஜன்னலில் நின்று பார்க்கலாம், பேசலாம், பாட்டுப் பாடலாம். தொடுவது மட்டும் கூடாது.

அந்தப் பெண் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். ஓடிப்போய்ப் பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். சற்று நேரத்தில் வீட்டுக்கார அம்மாவே ஜன்னலுக்கு வந்து, நல்ல வேண்டுதல், எங்கள் வீட்டிலும் மாதப்பனுக்குச் செய்வது உண்டு, நாங்கள் யாரும் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் எங்கள் படியேறவில்லை. என்னுடைய மூன்று வாக்கியங்களும் இவ்வளவு வேலை செய்திருக்காது.

“எப்ப வேண்டிக்கிட்டீங்க அண்ணி?” என்று கேட்டேன்.

“இப்பத்தான். சொல்லும்போதே.” பிறகு சிரிக்காமல் சொன்னார்: “வாயில வந்திருச்சு. இனி போயே ஆகோணும்.”

அந்த உபாயத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அண்ணி அடுத்த முடிவையும் எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விடுவது. அங்கே இருமல் இல்லை; கட்டி கரைந்ததும் வந்து ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அண்ணனும் சரி என்றுவிட்டான். நான் அந்தப் பயணத்தை நினைத்துப் பார்த்தேன். மலைக்குப் போகிற ஜனங்களோடு நெருக்கியடித்து, கொள்ளேகாலில் பஸ் மாறி, எத்தனையோ பேர் இருமும் வண்டியில் அந்தக் குழந்தை போகும். போனால் திரும்பி வருவது எப்போது என்பதற்கும் கணக்கு இல்லை. கட்டி கரைவதற்கு மாதங்கள்கூட ஆகலாம். ஞாயிறுக்கு முன்னால் வருவது ஒரே ஒரு வியாழக்கிழமை. சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள் வியாழன் மட்டும்தான். அண்ணனிடம் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள், நான் வண்டி பிடித்துக் கொடுக்கிறேன் என்றான்.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். அண்ணி பின்படியில் உட்கார்ந்து, காய்ந்த குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் மடியில் குப்புறக் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டேன்.

“ஒண்ணு சொல்லட்டுமா அண்ணி?”

“சொல்லு. வேண்டாம்னா விட்டுருவியா?”

கட்டி என்பது கரையாமல் நிற்கிற மருந்து மட்டும் இல்லை என்றேன். மருந்து இருக்கிற இடத்தைத் தேடி வந்த குழந்தையின் சொந்தச் செல்களும் அங்கே கூடியிருக்கின்றன. கொஞ்சம் கடித்துப் பார்க்கும், அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தொடை இடுக்கில், காலில் புண் வந்தால் வீங்குமே, அந்த நெறிக்குப் போய், இன்னார் வந்திருக்கிறார் என்று சொல்லும்.

“ஒரு மாசத்துக்கு மேலவா ஒரு ஆளைப் பாக்குது?”

“ஆமா அண்ணி, மெதுவாத்தான் பாக்கும்.”

“உங்கண்ணன் ரத்தம். என்னையப் பாத்துட்டுப் போயி பதில் சொல்றதுக்கு இதே மாதிரித்தான் நாளாச்சு.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மடியில் இருந்தவள் அந்த அசைவில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கவிழ்ந்தாள்.

அதே ஊசியை ஏன் மூன்று தடவை போடுகிறார்கள் என்று அண்ணி கேட்டார். உரம் போல் அளவைப் பிரித்துப் போடுகிறார்களா? இல்லை என்றேன். முதல் தடவை சொன்னால் குழந்தையின் உடம்புக்குப் பாதிதான் புரிகிறது. கிளம்பிப் போகிற செல்கள் இருப்பது போலவே, போகாதே, பொறு என்று பிடித்து வைக்கிற செல்களும் அவளுக்குள் இருக்கலாம் என்று நாங்கள் நினைக்கிறோம். உங்கள் வயிற்றுக்குள் இருந்தபோது அவள் உங்களோடு சண்டை போடாமல் இருந்தது அவற்றால்தானோ என்னவோ. வெளியே வந்த பிறகும் கொஞ்ச காலம் அந்தப் பழக்கம் அவற்றை விடாது. இரண்டாவது தடவை சொல்லும்போது, இந்த ஆளை முன்னாலேயே பார்த்திருக்கிறோமே என்று சிலது நினைவு வைத்திருக்கும். மூன்றாவது தடவைக்குள் மறக்காத அளவுக்கு ஆகிவிடும். இதெல்லாம் முழுசாகத் தெரிந்த விஷயம் இல்லை, எங்களுக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான் என்றும் சொன்னேன். அண்ணியிடம் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல எனக்கு வராது.

அண்ணி ஒரு துணியை நான்காக மடித்து, பிரித்து, திரும்பவும் மடித்தார்.

“அடக்கி வெக்கறதும் அவளுக்குள்ளயே இருக்குதுன்னு சொல்றியே,” என்றார். “அப்ப அன்னைக்கு எதுக்கு அது அடக்கல?”

அந்த ஊசியில் கிருமியை முழுசாகக் கொன்று அப்படியே வைத்திருக்கிறார்கள், அதனால் காய்ச்சல் வருவது உண்டு என்று சொல்லியிருக்கலாம். அது பதிலாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அண்ணியும் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. முதல் ஊசி போட்ட அன்றைய இரவைப் பற்றி அப்போதுதான் சொன்னார்.

அன்று அண்ணனுக்கு நைட் ஷிப்ட். நான் ஒரு பயிற்சிக்காகப் பெங்களூர் போயிருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியும். ஊசி போட்டால் வருவதுதானே என்று அதை அப்போதே மனதில் கோடு போட்டு முடித்துவிட்டிருந்தேன். எனக்குத் தெரியாதது அந்த அழுகை. அது பசிக்கு அழுகிற குரல் இல்லையாம். இதுவரை கேட்காத ஒரு கீச்சுக் குரல். பாலை வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. கரண்ட் வேறு போய்விட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வீட்டு வாசல்வரை நடந்திருக்கிறார். உள்ளே விளக்கு இல்லை. தூங்குகிறவர்களின் கதவைக் குடியிருப்பவர்கள் தட்டலாமா என்று நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். மறுபடியும் போயிருக்கிறார். மறுபடியும் தட்டவில்லை.

“விடியறதுக்குள்ள என்ற புள்ளைக்கு என்னமோ ஆயிரும்னு நெனச்சேன். கூப்புடறதுக்கு ஆளில்ல. ஆருக்கும் சொல்லல. காலைல உங்கண்ணன் வந்தப்ப அவ தூங்கிட்டா. காச்சல் இருந்துச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான்.”

அவர் அழவில்லை. துணிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். உரம் பொய்யில்லை, கட்டியும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டி கரையும்வரை அப்படி ஓர் இரவு மறுபடி வராது என்பதுதான் அதில் அவருக்கு இருந்த ஆறுதல். நான் அதுவரை செல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

“மறுக்கா போட்டா காச்சல் வருமா வராதா? அத மட்டும் சொல்லு.”

“வரலாம் அண்ணி.”

தலையை ஆட்டினார். வராது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

“வந்தா நான் இருப்பேன்,” என்றேன். “வியாழக்கிழமை லீவு போடறேன். வெள்ளியும் போடறேன். காய்ச்சல் விடற வரைக்கும் உங்க பக்கத்த விட்டு நகர மாட்டேன்.”

“உன்ற தட்டெல்லாம்?”

நான் வளர்த்துக்கொண்டிருந்த செல்களுக்கு வியாழன்தான் முக்கியமான நாள் என்பது அவருக்குத் தெரியும். நான் இல்லாவிட்டால் அந்த முறை வைத்தது வீணாகிவிடும் என்று ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் நானே புலம்பியிருந்தேன்.

“அதெல்லாம் அடுத்த மாசம் வெச்சுக்கலாம்.”

குழந்தையைத் திருப்பி மடியில் மல்லாக்கப் போட்டார். வலது தொடையில் கட்டைவிரலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

“சரி,” என்றார். “எடது காலு. நீதான் புடிச்சுக்கோணும். என்னால பாக்க முடியாது.”

சுகாதார நிலையத்தில் அன்று நல்ல கூட்டம். கண்ணாடி சிரிஞ்சுகளைக் குக்கரில் வேகவைத்து எடுத்து ஆற வைத்திருந்தார்கள். மருந்துக் குப்பிகள் நீலப் பெட்டியில் ஐஸ் பைகளுக்கு நடுவே இருந்தன. எங்கள் முறை வந்ததும், அண்ணி குழந்தையின் துணியை விலக்கி வலது தொடையை நர்ஸிடம் காட்டினார். நர்ஸ் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது இருக்கட்டும், இதனால் ஒன்றும் இல்லை, ஆனால் தேய்க்கவும் கூடாது ஒத்தடம் கொடுக்கவும் கூடாது என்று கன்னடத்தில் சொன்னார். பாதி மடித்த சீட்டில் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். அண்ணி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தையின் இடது காலைப் பிடித்துக்கொண்டேன். கையில் அடங்கிவிடுகிற முழங்கால். ஊசி இறங்கியதும் வாயைத் திறந்தாள். உடனே சத்தம் வரவில்லை. நெற்றி சிவந்து, புருவம் சுருங்கி, அநியாயம் நடந்துவிட்டது என்பது முகம் முழுவதும் பரவிய பிறகுதான் அழுகை வந்தது. அழுகை வந்ததும் அண்ணி திரும்பி அவளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் காய்ச்சல் வந்தது. மாத்திரையில் கால்வாசியைத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தோம். ஈரத்துணியால் கையையும் காலையும் மாறி மாறித் துடைத்தேன். அழுதாள், ஆனால் இது தெரிந்த குரல் என்று அண்ணி சொன்னார். அந்தக் கீச்சுக் குரல் வருகிறதா என்று நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஒருமுறை சற்று உயர்ந்து கேட்டபோது அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. நான் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அறைகளுக்கும் இடையே நடந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இருமினாள். இருமி முடிந்ததும் ஜன்னலுக்கு வந்து, பாப்பு ஏன் அழுகிறாள் என்று கேட்டாள். ஊசி போட்டிருக்கிறது என்றேன். ஊசி போட்டால் தனக்குச் சாக்லேட் தருவார்கள் என்றும், பாப்புவுக்குப் பல் இல்லையே என்றும் கவலைப்பட்டாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளியில் கற்ற பாட்டு ஒன்றைப் பாடினாள். நடுவில் இருமல் வந்து, முகத்தைத் திருப்பி இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பாடினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தையின் பிடரியில் ஈரம் தட்டியது. தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடியும் ஈரம். வேர்வை. அண்ணியிடம் சொல்லத் திரும்பினால், அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார். ஒரு கை மட்டும் என் தாவணி ஓரத்தைப் பிடித்திருந்தது. விட்டு நகர மாட்டேன் என்று சொன்னேன் இல்லையா, நகரவும் வழியில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன், வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். காபி நானே போட்டுக்கொள்கிறேன் என்று கையால் காட்டிவிட்டு உள்ளே போனான். அன்றைக்குச் சமையலறையில் அவன் உருட்டாத பாத்திரம் இல்லை. எதற்கும் அண்ணி விழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகவில்லை. திங்கட்கிழமை குளிப்பாட்டும்போது அண்ணி என்னைக் கூப்பிட்டார். இடது தொடையில் என் விரலை வைத்து அழுத்தினார். கொட்டைப்பாக்கு.

“கூடிருச்சு பாரு கூட்டம்,” என்றார்.

அந்தப் பெண்ணின் இருமலுக்கு வீட்டுக்காரர் பிறகு பெரிய டாக்டரிடம் போனார். அவரும் கக்குவான் என்றுதான் சொன்னார். மருந்து கொடுத்தும் இருமல் முழுசாக விட வெகு நாள் ஆனது. எங்கள் குழந்தைக்கு வரவில்லை. எதனால் வரவில்லை என்று நான் வரிசை போட்டுப் பார்த்திருக்கிறேன்: இரண்டாவது ஊசி, ஜன்னல், போகாத பஸ், மாதப்பன், தாய்ப்பால், வெறும் அதிர்ஷ்டம். எதை முதலில் எழுதுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் தொழிலில் இதற்கு ஒன்றும் சேர்க்காத எதிர்த் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருப்போம். ஒரே குழந்தையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

மூன்றாவது ஊசிக்கான வியாழக்கிழமையும் லீவு போடுவதாக இருந்தேன். அதற்கு முந்தைய வாரமே அண்ணி வேண்டாம் என்றார். அண்ணனை ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். முன்வீட்டு அம்மாவிடம் போய், காய்ச்சல் வந்தால் எந்நேரமானாலும் கதவைத் தட்டுவேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். தட்டாமல் இருந்தால்தான் கோபம் வரும் என்று அந்த அம்மா சொன்னாராம். நான் அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். எண்ணிக்கை இரண்டு முறை தப்பியது. சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால், அண்ணன் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தான். அண்ணி அடுப்பில் ராகி களி கிண்டிக்கொண்டிருந்தார். லேசாகச் சுடுகிறது, அவ்வளவுதான் என்றார். குழந்தையைத் தானே பிடித்துக்கொண்டதை ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னார்.

இருமலும் ஓய்ந்த பிறகு, நாங்கள் எல்லோரும் மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். வாயில் வந்த வேண்டுதலை அண்ணி விடுவதாக இல்லை. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நாங்கள் திரும்பி வந்தபோது அந்தப் பெண் கேட்டிலேயே நின்றிருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அது காயாமல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

பின்படியில் உட்காரவைத்து அவள் மடியில் குழந்தையை வைத்தார் அண்ணி. இத்தனை மாதம் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்ததால் தூக்கும் விதம் மறந்திருந்தது. முதலில் சந்தனத் தலையைத் தொட்டாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு வலது தொடையைப் பிடித்தவள் முகம் மாறி, இங்கே ஒரு கல் இருக்கிறதே ஆன்ட்டி என்றாள்.

அண்ணி குனிந்து, அவள் விரல் இருந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தார். புளியங்கொட்டையைவிடச் சின்னதாகிவிட்டது என்று எனக்குத் தமிழில் சொன்னார். அவளிடம் கன்னடத்தில் சொன்னார்:

“இருக்கட்டும் விடு கண்ணு. அது அங்க வேலையா இருக்குது.”